தனி ஆள், 70 கிலோ பன்றி: செம்பனைத் தோட்டத்திலிருந்து இறைச்சியை வெளியே எடுக்க எந்த வழி?

செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் தனியாகப் பன்றி வேட்டைக்குப் போகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான். விழுந்த பன்றியை முழுசாக இழுத்து வருவதா, தள்ளுவண்டியில் ஏற்றுவதா, அங்கேயே அறுத்து முதுகில் சுமப்பதா? எதில் இடுப்பு தப்பும் என்பதுதான் எல்லாருடைய கவலையும். குளிர்நாட்டு வேட்டைக்காரர்கள் எழுதும் அறிவுரைகளும் எடையைச் சுற்றியே வரும். அவர்களுக்கு இரவுக் காற்றே ஐஸ் பெட்டி. மரத்தில் தொங்கவிட்டு, தூங்கி எழுந்து, மறுநாள் போய் எடுத்துக்கொள்ளலாம். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலோ தெலுக் இந்தானிலோ நடுநிசியிலும் 22 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்குவது அபூர்வம். இங்கே இடுப்பு பிடிப்பதற்கு முன்பே இறைச்சி கெட்டுவிடும். அதனால் இந்த ஒப்பீட்டில் கிலோவுக்கு முன்னால் கடிகாரம் வருகிறது.

2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் தரும் வேட்டை உரிமம், 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி போலீஸ் தரும் துப்பாக்கி உரிமம், தோட்ட மேனேஜரின் எழுத்து அனுமதி. இந்த மூன்றும் கையில் இருப்பவருக்காகத்தான் இது எழுதப்படுகிறது. உரிமத்தில் எந்த நேரம், எந்த இடம், எத்தனை என்று போட்டிருப்பதைப் படித்துவிட்டே கிளம்புங்கள்.

## எதை வைத்து முடிவு செய்வது

நேரம். சாகும்போது பன்றியின் உடல் வெப்பம் 38, 39 பாகை. மேலே தடித்த தோல், அடியில் கொழுப்பு. போர்வை போர்த்தியதுபோல் சூடு உள்ளேயே அடைந்து கிடக்கும். கடைசியாக ஆறுவது பின்தொடை எலும்பை ஒட்டிய சதை. கெட்ட வாடையும் முதலில் அங்கேதான் கிளம்பும். சுற்றியுள்ள காற்றே 30 பாகை என்றால் எவ்வளவு நேரம் தொங்கவிட்டாலும் சதை 30க்குக் கீழே வராது. கிருமிகள் செழிக்கும் சூடு அதுதான். ஒரு மணி நேரத்துக்குள் குடல் சதையிலிருந்து பிரிய வேண்டும், நான்கு மணி நேரத்துக்குள் எல்லாம் ஐஸில் இருக்க வேண்டும். இதற்கு மேல் இழுப்பது சூதாட்டம்.

எடை. 70 கிலோ பன்றியில் குடல் எடுத்தால் சுமார் 54 கிலோ மிஞ்சும். தோல், தலை, குளம்பு போனால் எலும்போடு சுமார் 38. எலும்பையும் நீக்கினால் சுமார் 28. ஆக, வீட்டுச் சட்டிக்கு வரப்போவது பாதியைவிடக் குறைவு. மீதியை எங்கே விட்டுவிட்டு வருகிறோம் என்பதில்தான் வழிகள் வேறுபடுகின்றன.

நடை. இரண்டு தடவை சுமந்தால் தூரம் இரட்டிப்பு என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். சுமையோடு போய், வெறுங்கையோடு திரும்பி, மறுபடி சுமையோடு போக வேண்டும். அது மூன்று மடங்கு. மூன்று தடவை என்றால் ஐந்து மடங்கு. ரோடு 400 மீட்டர் தள்ளி இருந்தால் இரண்டு தடவைக்கு 1.2 கிலோமீட்டர், மூன்று தடவைக்கு 2 கிலோமீட்டர்.

தரை. செம்பனையை 9 மீட்டர் முக்கோணத்தில் நடுவது வழக்கம். வரிசைக்கு வரிசை ஏறக்குறைய 7.8 மீட்டர். ஒரு சந்தில் பழம் வெட்டுகிறவர்கள் நடக்கும் பாதை, அடுத்த சந்தில் வெட்டிப் போட்ட மட்டைக் குவியல். பாதைச் சந்தில் விழுந்த பன்றி பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடும். மட்டைக் குவியலுக்குள் புகுந்து செத்தது, அதே 70 கிலோதான், இரண்டு மடங்கு கனக்கும். மட்டைக் காம்பின் முள் காலையும் குத்தும், இறைச்சிப் பையையும் கிழிக்கும். தெலுக் இந்தான் பக்கத்துச் சமநிலத்தில் தொல்லை தருவது வாய்க்கால்கள். சுங்கை சிப்புட் பக்கத்து மேட்டு நிலத்தில் படிக்கட்டாக வெட்டிய மேடைகள்.

துப்பாக்கி. வெளிநாட்டுக் குறிப்புகளில் அதிகம் காணாத விஷயம் இது. உரிமக்காரரின் கையை விட்டுத் துப்பாக்கி போகக் கூடாது. முதல் சுமையோடு நடக்கும்போது அதை மரத்தில் சாய்த்துவிட்டு வர முடியாது. ஒவ்வொரு நடைக்கும், தோட்டா இறக்கிய நிலையில், மூன்று கிலோவுக்கு மேற்பட்ட அந்த எடையும் கூடவே வரும். உறையோடு முதுகில் மாட்டினால் சுமைப் பைக்கு இடமில்லை. தோளில் குறுக்காகத் தொங்கவிட்டால் குனியும் போதெல்லாம் முன்னால் சரியும்.

அக்கம்பக்கம். பழம் வெட்டும் கூட்டத்தில் முஸ்லிம் தொழிலாளர்கள் இருப்பார்கள். ரோட்டோரத்தில் அவர்கள் வீடும் கடையும் இருக்கும். பன்றி ரத்தம் சொட்டச் சொட்ட ஊருக்குள் வருவது அநாகரிகம் என்பதோடு, அடுத்த முறை அனுமதி கிடைக்காமல் போகவும் காரணமாகும்.

## முழுசாக இழுத்து வருதல்

எளிது போலத் தோன்றும், ஆனால் ஆளை அசத்திவிடும். குடல் எடுத்த 54 கிலோவைப் புல்தரையில் இழுக்க ஏறக்குறைய 30 கிலோ அளவுக்குப் பலம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஐம்பது மீட்டருக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினால்தான் ஓடும்.

இழுப்பதானால் தலைப்பக்கமாக இழுங்கள். பன்றியின் முடி பின்னோக்கிப் படிந்திருக்கும். பின்காலைப் பிடித்து இழுத்தால் முடி தரையைச் சுரண்டி ஒவ்வோர் அடியிலும் தடுக்கும். 10 மில்லிமீட்டர் கயிறு 4 மீட்டர் போதும். ஒரு சுருக்கைக் கழுத்திலும் இன்னொன்றை மேல்தாடைக் கோரைப் பல்லுக்குப் பின்னாலும் போட்டு, முன்னங்கால்களை முகத்தோடு சேர்த்துக் கட்டினால் உடல் படகுபோல் நேராக வரும். கயிற்றின் மறுமுனையைக் கையில் சுற்றாதீர்கள். ஒரு கட்டையில் கட்டி, இடுப்பளவில் பிடித்துப் பின்னோக்கி நடக்காமல் முன்னோக்கி நடங்கள். பழைய கன்வாஸ் துண்டு ஒன்றை அடியில் போட்டுச் சுற்றினால் உராய்வு நன்றாகக் குறையும். பாக்கு மட்டையில் உட்காரவைத்து இழுத்து விளையாடிய பிள்ளைகளுக்கு இதன் சூட்சுமம் தெரியும்.

மறைந்திருக்கும் செலவு சுத்தம். மரத்தைச் சுற்றிய வட்டத்தில் களைக்கொல்லி அடித்திருப்பார்கள். பாராகுவாட்டுக்கு 2020 ஜனவரி 1 முதல் நாட்டில் தடை, ஆனாலும் வேறு மருந்துகள் புழக்கத்தில் இருக்கின்றன. வயிற்றைத் திறந்துவிட்டு இழுத்தால் அந்த மண், மருந்து, எருவுரம் எல்லாம் உள்ளே போகும். அதனால் இழுக்கும் தூரம் 150 மீட்டருக்குள் என்றால் வயிற்றைத் திறக்காமலே இழுத்துப் போய், ரோட்டுப் பக்கத்தில் குடல் எடுப்பது நல்லது. அதற்கு மேற்பட்ட தூரம் என்றால் இந்த வழியே வேண்டாம்.

எப்போது இதுவே சரி: 40 கிலோவுக்குட்பட்ட பன்றி, பாதைச் சந்து, ரோடு கண்ணுக்குத் தெரியும் தூரம்.

## ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி

பழக் குலை ஒன்று 15 முதல் 25 கிலோ. அதில் பலவற்றை ஏற்றிக்கொண்டு ஓர் ஆள் நாள் முழுக்கத் தள்ளுகிற வண்டி இது. பாதையும் அதற்காகவே போட்டது. 70 கிலோ முழுப் பன்றி அதற்கு ஒரு பொருட்டே இல்லை. வெறும் தூரக் கணக்கில் பார்த்தால் சமநிலத்துச் செம்பனைத் தோட்டத்தில் இதற்கு இணையாக வேறெதுவும் இல்லை.

ஏற்றுவதில்தான் தனி ஆள் திணறுவார். தூக்க முயலாதீர்கள். வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, தொட்டி விளிம்பைப் பன்றியின் முதுகோடு ஒட்டவைத்து, கால்களைச் சேர்த்துக் கட்டி உள்ளே உருட்டுங்கள். பிறகு வண்டியையும் பன்றியையும் சேர்த்து நிமிர்த்துங்கள். தலையும் தோளும் சக்கரத்தின் மேல் வர வேண்டும். கனம் கைப்பிடிப் பக்கம் இருந்தால் அதைச் சுமக்கப் போவது உங்கள் முழங்கைதான். கயிறு போட்டு இறுக்காமல் கிளம்பினால் முதல் வேர்முண்டில் கவிழும். காற்றுக் குறைந்த சக்கரம் சேற்றில் இரண்டு பங்கு உழைப்பு கேட்கும், காலையிலேயே பார்த்துவிடுங்கள்.

வாய்க்காலில் பலகைப் பாலம் இருந்தால் மட்டும் கடக்கலாம். பலகை ஈரமாக இருந்தால் இறக்கி, கயிற்றால் இழுத்துக் கடத்துவது மேல். மேட்டு நிலத்தில் மேடையோடு நடந்து ரோட்டை அடைய வழி இருக்கும்வரை வண்டி உதவும். மேடையிலிருந்து மேடைக்கு நேராக இறக்கினால் வண்டி உங்களைத் தள்ளிக்கொண்டு போகும்.

இதன் மறைமுகச் செலவு பணமல்ல. தோட்டத்து வண்டியை இரவல் வாங்கவே வாங்காதீர்கள். நாளைக் காலையில் அதைத் தள்ளப்போகிறவர் முஸ்லிமாக இருக்கலாம். சோப்புப் போட்டுக் கழுவி வைத்தேன் என்பது பதிலாகாது. சொந்த வண்டி வாங்கி, சக்கரத்தைக் கழற்றி வேனில் போட்டு எடுத்துப் போங்கள். அதோடு, வண்டி ரோட்டில் இருக்கும், பன்றி உள்ளே கிடக்கும். எடுத்து வர ஒரு வெறும் நடை உண்டு என்பதையும் கணக்கில் சேருங்கள்.

## கப்சாய் மோட்டார்

கப்சாய் என்னும் சிறிய மோட்டார்சைக்கிளைத்தான் பலரும் முதலில் நினைப்பார்கள். முழுப் பன்றியை சீட்டுக்குப் பின்னால் குறுக்கே போட்டுக் கட்டிக்கொண்டு வருவதைத்தான் நினைக்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். 70 கிலோ, சக்கர அச்சுக்கு மேலே உயரத்தில், இருபுறமும் ஆடிக்கொண்டு வரும். செம்மண் ரோட்டில் மழைக்குப் பிறகு ஒரு பிரேக் போதும்.

மோட்டாருக்கு ஏற்றது அறுத்த இறைச்சிதான். பின்னால் இருபுறமும் தாழ்வாக இரண்டு மூடியிட்ட பிளாஸ்டிக் தொட்டிகள், பக்கத்துக்கு 20 கிலோவுக்கு மேற்படாமல். இரண்டும் சம எடையாக இருக்க வேண்டும். ஒரு தொடையும் ஒரு முன்னங்காலும் இந்தப் பக்கம், மற்றவை அந்தப் பக்கம் என்று பிரித்தால் தானே சமமாகும். வலப்பக்கம் சைலன்சர் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். தொட்டியின் அடி அதற்கு நேர் மேலே இருந்தால், ரோட்டை அடைவதற்குள் ஒரு பக்கத்து இறைச்சி வெதுவெதுப்பாகி இருக்கும். இடையில் ஒரு பலகை வையுங்கள், அல்லது அந்தத் தொட்டியில் கொஞ்சம் ஐஸ் போட்டே கொண்டுபோங்கள். சேற்று நிலத்தில் சக்கரம் இறங்கிவிட்டால் மோட்டாரையும் சேர்த்துச் சுமக்கும் நிலை வரும். அங்கே இது வேண்டாம்.

எப்போது இதுவே சரி: ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட உள்பாதை, காய்ந்த தரை, இறைச்சி ஏற்கெனவே துண்டானது.

## அங்கேயே நான்காக அறுத்துச் சுமத்தல்

தனி ஆளுக்கு எல்லாத் தரையிலும் கைகொடுப்பது இந்த வழி. வயிற்றைத் திறக்காமலே செய்யலாம் என்பது இதன் பெரிய லாபம்.

பன்றியை இடப்பக்கமாகக் கிடத்துங்கள். முதுகுத்தண்டு நெடுகத் தோலைக் கீறி, மேல்பாதித் தோலை வயிறுவரை உரித்துக் கீழே விரித்தால் அதுவே பாயாகும். முன்னங்காலைத் தூக்கிப் பிடித்து அக்குளில் அறுங்கள். அங்கே எலும்பு மூட்டு கிடையாது, வெறும் சதைதான், தானாகக் கழன்று வரும். பிறகு முதுகெலும்பை ஒட்டி ஓடும் நீளச் சதை. பிறகு பின்தொடை: உள்பக்கமாக அறுத்துக்கொண்டே போனால் இடுப்புப் பந்து மூட்டு தட்டுப்படும், கத்தி முனையால் நரம்பைத் துண்டித்தால் போதும். கழுத்துச் சதையும் விலாச் சதையும் கடைசியில். புரட்டிப் போட்டு மறுபக்கமும் அப்படியே. கடைசி விலாவுக்குப் பின்னால் சின்னதாகக் கீறி உள்சதையை எடுக்கலாம். பழகிய கைக்கு ஒரு மணி நேரம், புதுக் கைக்கு இரண்டு. வயசான ஆண் பன்றிக்குத் தோளில் கேடயம்போல் ஒரு கெட்டிப் படலம் இருக்கும். 6 அங்குலக் கத்தி அங்கேயே மழுங்கும், மாற்றுக் கத்தி இல்லாமல் போகாதீர்கள். பாராங் என்னும் நீண்ட வெட்டுக்கத்தி இதற்கு உதவாது. எலும்பைச் சில்லுசில்லாக உடைத்து இறைச்சியில் கலக்கும்.

துண்டுகளைப் போட துணிப் பை வேண்டும். பழைய தலையணை உறை போதும். பிளாஸ்டிக்கில் சூடும் ஈரமும் அடைந்துகொள்ளும். சும்மா கிடைக்கிறதே என்று உரச் சாக்கில் போடுகிறவர்கள் உண்டு. கழுவினாலும் உரம் நெசவுக்குள் ஒட்டியிருக்கும், அதைத் தொடாதீர்கள்.

38 கிலோவை இரண்டாகப் பிரித்தால் தடவைக்கு 19 கிலோ. உடல் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்று வைத்தால் 65 கிலோ ஆளுக்கு அது சரியான அளவு. முதல் நடையில் பின்தொடைகள் போகட்டும், ஐஸ் முதலில் தேவைப்படுவது அவற்றுக்குத்தான். கிளம்புமுன் தொடை எலும்பு நெடுகக் கத்தியால் ஆழமாக ஒரு கீறல் போட்டு, சூடு வெளியேற வழிவிடுங்கள்.

மிச்சத்தை விட்டுப் போவதில்தான் ஆபத்து. தோட்டத்தில் உடும்புக்கும் தெருநாய்க்கும் பஞ்சமில்லை, எறும்பு பத்து நிமிடத்தில் வந்துவிடும். அடிமரத்தில் மாட்டினால் உடும்பு ஏறும். மட்டையில் கயிறு கட்டி, மரத்தை விட்டு விலகித் தொங்க வேண்டும். அறுத்த இடத்திலிருந்து இருபது அடியாவது தள்ளித் தொங்கவிடுங்கள், முதலில் வருகிறவை குடலைத் தேடித்தான் வரும்.

## எலும்பையும் நீக்கிச் சுமத்தல்

28 கிலோ. பலசாலிக்கு ஒரே நடை, மற்றவர்க்கு இலேசான இரண்டு நடை. சதை மெல்லிதாக இருப்பதால் ஐஸில் போட்டவுடன் வேகமாக ஆறும். எலும்பை ஒட்டிக் கெடும் பிரச்சினையே இல்லை. கேட்க அருமையாக இருக்கும்.

ஆனால் மேலும் ஒரு மணி நேரம் அறுக்க வேண்டும், அதுவும் இருட்டு கட்டுகிற வேளையில், கொசுவோடு. அறுத்த முகம் கூடக்கூட ஈ உட்காரவும் மண் ஒட்டவும் இடம் கூடுகிறது. தனியாக இருப்பவருக்குக் கத்தி வழுக்கிக் கை கிழிவதுதான் இந்த வேலையில் மிகப் பெரிய விபத்து. கொழுப்பும் ரத்தமும் பட்ட கைப்பிடி சோப்புப்போல் வழுக்கும். வெட்டுத் தாங்கும் கையுறையைக் கத்தி பிடிக்காத கையில் போடுங்கள். ரத்தத்தை நிறுத்தும் கட்டுத்துணி பையின் அடியில் கிடக்காமல் சட்டைப் பையில் இருக்கட்டும். விலா எலும்பும் தொடை எலும்பும் காட்டிலேயே போய்விடுவதால் வீட்டில் சூப்புக்கு ஒன்றும் மிஞ்சாது. சிலருக்கு அதுதான் பெரிய நஷ்டம்.

எப்போது இதுவே சரி: ஒரு கிலோமீட்டருக்கு மேல் வழி, வாய்க்கால்மேல் வாய்க்கால், அல்லது மூன்று மேடை ஏறி இறங்க வேண்டிய சரிவு. காலை வேட்டைக்கு மட்டும். மாலை வேட்டைக்கு நான்காக அறுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

## ஒரே பார்வையில்

70 கிலோ பன்றி, 400 மீட்டர், பழகிய கை என்று வைத்துப் போட்ட தோராயக் கணக்கு இது.

| வழி | வெளிவரும் எடை | ரோடு சேரும் நேரம் | எங்கே பொருந்தும் | எங்கே காலை வாரும் |
|---|---|---|---|---|
| இழுத்தல் | 54–70 கிலோ | ஒன்றரை மணிக்கு மேல் | 150 மீட்டருக்குள், சிறு பன்றி | மட்டைக் குவியல், மேடு |
| தள்ளுவண்டி | 70 கிலோ | 40 நிமிடம் | சமநிலப் பாதைச் சந்து | பாலமில்லாத வாய்க்கால் |
| மோட்டார் | 38 கிலோ | ஒன்றேகால் மணி, அறுப்பு உட்பட | நீண்ட, காய்ந்த பாதை | சேறு, சரிவு |
| நான்காக அறுத்தல் | 38 கிலோ | ஒன்றே முக்கால் மணி | எல்லாத் தரையும் | மழுங்கிய கத்தி |
| எலும்பு நீக்கல் | 28 கிலோ | இரண்டரை மணி | தூரம், சேறு, சரிவு | இருட்டு |

தள்ளுவண்டியின் 40 நிமிடத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். அங்கே வந்து சேர்வது முழுப் பன்றி. குடலும் தோலும் ரோட்டோரத்தில் இனிமேல்தான். அந்த ஒரு மணி நேரத்தைச் சேர்த்தால் நான்காக அறுத்தலோடு ஏறக்குறைய சமமாகிவிடும். வித்தியாசம், உங்கள் முதுகு தப்பியிருக்கும்.

தனியாகவே முடிக்க வேண்டும் என்ற வீம்பும் தேவையில்லை. 100 கிலோவுக்கு மேற்பட்ட ஆண் பன்றி என்றால் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் ஒருவரைக் கூப்பிட்டு ஒரு தொடையைப் பங்காகக் கொடுப்பது, நாளை மருந்துக் கடையில் தைலம் வாங்குவதைவிட மலிவு. பங்கு கொடுப்பது வேறு, விற்பது வேறு. வியாபாரமாகச் செய்ய வேறு உரிமம் வேண்டும்.

## எந்த வழியானாலும்

சுடுவதற்கு முன்னாலேயே பன்றி சோர்ந்து தள்ளாடினாலோ, பக்கத்தில் வேறு பன்றிகள் செத்துக் கிடந்தாலோ ஒன்றையும் வெளியே எடுக்காதீர்கள், கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். 2021 பிப்ரவரியில் சபாவில் உறுதியான ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பிறகு தீபகற்பத்துக்கும் வந்தது. மனிதருக்குத் தொற்றாது என்றாலும் ரத்தத்திலும் இறைச்சியிலும் நெடுநாள் உயிரோடு இருந்து, பூட்ஸ் அடியில் ஒட்டிக்கொண்டு பண்ணைக்குப் போகும். குடலை வாய்க்காலில் வீசாமல் குழியில் புதையுங்கள். கையுறை இல்லாமல் அறுக்காதீர்கள். 1998, 99இல் நீப்பா கிருமி பன்றிகளிடமிருந்து பரவி நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்த நாடு இது, இதற்குமேல் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. சமைக்கும்போது சதையின் நடுவில் 71 பாகை தாண்ட வேண்டும். உறையவைத்தால் புழு சாகும் என்று காட்டுப்பன்றி விஷயத்தில் நம்பியிருக்கக் கூடாது.

ஐஸ் கணக்கு மட்டும் எல்லாருக்கும் தவறுகிறது. 38 கிலோ இறைச்சியை 38 பாகையிலிருந்து 4 பாகைக்கு இறக்க, காகிதக் கணக்கில் 14 கிலோ ஐஸ் உருகினால் போதும். பெட்டிச் சுவர், திறந்து மூடும் மூடி, வேனுக்குள் ஏறும் சூடு எல்லாம் சேர்ந்து அதை இரட்டிப்பாக்கும். 30 கிலோ வாங்குங்கள். அதை வேட்டைக்குப் போகும்போதே வாங்கி வேனில் வைத்துவிடுங்கள். இரவில் பன்றியை வைத்துக்கொண்டு ஐஸ் கடை தேடினால் மேலே சொன்ன எந்த வழியும் பயன்படாது. பெட்டியின் அடியில் மரச் சட்டம் போட்டு, அதன்மேல் ஐஸ், இறைச்சி, ஐஸ் என்று அடுக்குங்கள். அடியிலுள்ள நீர்த் திறப்பு திறந்தே இருக்கட்டும், கீழே ஒரு வாளி வையுங்கள். உருகிய தண்ணீரில் ஊறும் இறைச்சி வெளுத்துச் சீக்கிரம் கெடும். காலையில் பின்தொடையின் தடித்த இடத்தில், எலும்பை ஒட்டி, வெப்பமானியைக் குத்திப் பாருங்கள். 4க்கு மேலே காட்டினால் இன்னும் ஐஸ் போட்டு மூடுங்கள், கத்தியை எடுக்க அவசரமில்லை.